நகல் ஜெபக்கனி தூங்கிய மாதம்

ஜெபக்கனி அந்த மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. அவளுடைய நகல் சேர்ந்து நானூறு வருடம் ஆகிவிட்டது.

நகல் வேலை பார்ப்பது ஒத்திகைக்கூடத்தில். பெயரில்தான் கூடம்; உண்மையில் அது அலுவலக மாடியில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு கணினி. எந்த மருத்துவமனையையும் மண்ணில் கட்டுவதற்கு முன் அதற்குள் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது சட்டம். நோயாளி, மருத்துவர், செவிலியர் எல்லோருக்கும் உள்ளே நகல் உண்டு. ஒருவர் எப்படி நடக்கிறார், எப்போது களைக்கிறார், எதற்கு எரிந்து விழுகிறார் என்பதையெல்லாம் மூன்று மாதம் கேமராவில் பார்த்துக் கற்றுக்கொண்டு எந்திரம் செய்த நகல்கள். சுவரை இப்படி நகர்த்து, மருந்தறையை அப்படி வை என்று நூற்றாண்டுக் கணக்கில் ஓட்டிப் பார்த்து, வீணான நடை, வீணான காத்திருப்பு, வீணான இடம் எல்லாவற்றையும் அறுத்தெறிவார்கள். வீணறுப்பு முறை என்று அதற்குப் பெயர். எது வீண் என்பதை யார் முடிவு செய்வது என்று மட்டும் சட்டத்தில் எழுதவில்லை.

ஒத்திகைக்கூடத்தின் பொறியாளர் இசக்கியப்பன் ஒரு காலையில் புதுக் கட்டடத்தின் வரைபடத்தோடு பெண்கள் அறுவை வார்டுக்கு வந்தான். வார்டுப் பொறுப்பு ஜெபக்கனியுடையது. அவள் கையெழுத்து வேண்டும்.

"நாப்பது கட்டிலுக்கு ரெண்டு சிஸ்டர்னு போட்டிருக்கு. இப்ப நாலு பேரு இருக்கோம், அதுக்கே நாக்குத் தள்ளுது. ஏட்டுச் சுரைக்காயைக் கொண்டாந்து கறி வைக்கச் சொல்லுதீங்களா தம்பி?"

"நான் சொல்லல சிஸ்டர், உங்க நகல்தான் சொல்லுது. முதல்ல ஒரு டியூட்டிக்குப் பதினோராயிரம் அடி நடந்தாங்க. இந்த அமைப்புல மூவாயிரம்தான். நோயாளி ஒருத்தருக்கும் குறை இல்ல. அப்ப ரெண்டு பேரு போதும்தானே?"

மூவாயிரம் அடியில் அரை டியூட்டிகூட ஓடாது. ஜெபக்கனி திரையைக் காட்டச் சொன்னாள்.

திரையில் அவளே நின்றாள். அதே வீங்கிய கால், அதே சாய்ந்த நடை. நகல் மேசையின் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தது. நடக்கிற அடியை எண்ணுவதற்காக இடுப்பில் மாட்டியிருந்த அடிமானியைக் கழற்றிப் பஞ்சுக் கட்டுக்குப் பின்னால் வைத்தது. பிறகு வெறும் இடுப்போடு நடக்கப் போய்விட்டது.

ஜெபக்கனிக்கு முகம் சுட்டது. அவளும் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் செவிலியப் பெண்களும் தினமும் செய்வதுதான் அது. அடிமானி எட்டாயிரத்தைத் தாண்டினால், ஏன் இந்த வீண் நடை என்று அலுவலகம் விளக்கம் கேட்கும். துணைக்கு ஆள் இல்லாத நோயாளிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கப் போனேன் என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். அதனால் அப்படிப்பட்ட நடைக்கெல்லாம் அடிமானி இழுப்பறையில் கிடக்கும். நகல் அதையும் கற்றுக்கொண்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதைப்போல் விழித்தான் இசக்கியப்பன். "அப்ப நானூறு வருஷமும் பொய்யா? சரி, இழுப்பறையை எடுத்துட்டு, அடிமானியைக் கழட்ட முடியாதபடி வச்சு மறுபடி ஓட்டுதேன்."

"டியூட்டி முடிஞ்சா அவ எங்க போவா தம்பி?"

"வாசலைத் தாண்டுவாங்க. அடுத்த டியூட்டிக்கு உள்ள வருவாங்க."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்ல சிஸ்டர். வீடு நம்ம கட்டடத்துக்கு வெளியதானே இருக்கு."

"களைப்பு?"

அவன் தயங்கினான். "அது மட்டும் கூடவே வரும். களைப்பை விட்டுட்டா கணக்கு தப்பாயிரும்."

ஜெபக்கனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நானூறு வருடம் ஒரு நிமிடம்கூடக் கண்மூடாத ஒருத்தி தன் முகத்தோடு திரிகிறாள் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. "அவளுக்கு ஒரு வீடு வச்சுக் குடுங்க. அப்புறம் ஓட்டுங்க."

இசக்கியப்பன் நல்லவன். வாசலுக்கு வெளியே ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஒரு கட்டில் வரைந்துவைத்தான். இழுப்பறையை எடுத்துவிட்டு, நான்கு நகல்களோடு மறுபடி ஓட்டினான். மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, ஜெபக்கனி டியூட்டி முடித்துச் செருப்பை மாட்டும்போது ஓடிவந்தான்.

"சிஸ்டர், அவங்க தூங்கிட்டாங்க. எழுந்திரிக்க மாட்டேங்குதாங்க."

"தூங்கட்டுமே."

"இல்ல சிஸ்டர். அவங்க இடத்தையும் சேத்து மத்த மூணு நகலும் ஓடி ஓடிப் பாக்குதாங்க. யாரும் சாகல. உடனே எந்திரம் மூணு பேரு போதும்னு எழுதிட்டு. இன்னொருத்தி படுத்தா ரெண்டுன்னு எழுதிரும். அந்த இடத்துல ஒரு ஆள் நிக்கணும். எழுப்ப ஒரே ஒரு கட்டளைதான், போடவா?"

திரையில் நகல் ஒருக்களித்துக் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தான் கடைசியாக எப்போது அப்படித் தூங்கினோம் என்று ஜெபக்கனிக்கு நினைவில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

"அவளை எழுப்பாதீங்க. நானே வாரேன்."

அசல் மனுஷி உள்ளே வந்தால் எந்திரம் அசல் வேகத்தில்தான் ஓட வேண்டும். ஒரு மாதம் பிடித்தது. காலை ஏழிலிருந்து இரண்டு வரை வார்டு. இரண்டிலிருந்து ஒன்பது வரை ஒத்திகையைக் கண்முன் காட்டும் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலடியில் ஓடும் நடைப்பட்டையின் மேல் ஒத்திகை வார்டு. அங்கேயும் நாற்பது கட்டில், அங்கேயும் முனகல். நகல்தானே என்று ஒரு கட்டிலைத் தாண்டிப் போக அவளுக்குக் கால் வரவில்லை. எல்லா அடியும் கணக்கில் ஏறியது. தன் பெண்களில் ஒருத்திகூட வேலையை விட்டு வெளியே போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

முப்பதாம் நாள் இசக்கியப்பன் இறுதி அறிக்கையோடு வந்தான். முதல் பக்கத்தில் இருந்தது: பெண்கள் அறுவை வார்டு, ஒரு நேரத்துக்கு நான்கு செவிலியர் தேவை.

ஜெபக்கனி அழுதேவிட்டாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"ரெண்டாவது பக்கத்தையும் படிச்சிருங்க சிஸ்டர்," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது: ஓர் ஊழியர் முப்பது நாள் தொடர்ந்து இரண்டு பணிநேரம் பார்த்துள்ளார். வேலையில் குறைவு ஏதும் இல்லை. எனவே ஒவ்வொருவரும் இரு பணிநேரம் பார்க்கலாம்; இப்போதுள்ளவர்களில் பாதிப் பேர் போதும். இரண்டுக்கும் இடையில் அந்த ஊழியர் வீட்டுக்குச் செல்லவில்லை. ஆகவே ஒத்திகையில் சேர்க்கப்பட்டிருந்த வீடு வீண் இடமாகக் கருதி நீக்கப்படுகிறது.

ஜெபக்கனி இரண்டு முறை படித்தாள். தன் பெண்களைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"அப்ப அவ?"

"காலையில ஏழு மணிக்கே டியூட்டிக்கு வந்துட்டாங்க சிஸ்டர்."