ஞானப்பிள்ளையின் பல்தடம்

டெல்மோவின் கறுப்பு மேலங்கியில், இடப்புற விளிம்பில் மூன்று கிழிசல்கள்தான் இருக்க வேண்டும். போர்ச்சுகலின் கோயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் மாணவனின் அங்கியை வீட்டார் பல்லால் கடித்துக் கிழிப்பது வழக்கம்; அப்பா, அம்மா, அக்கா என்று ஆளுக்கொன்று. அன்று பிற்பகல் இவோவின் நினைவுத் திருப்பலிக்குக் கிளம்பியவன் எண்ணிப் பார்த்தான். நான்கு.

நான்காவதின் நூல்களில் ஈரம் காயவில்லை. முகர்ந்தபோது மொந்தேகு ஆற்றுச் சேறும் அழுகிய நாணலும், அவற்றுக்கடியில் யாரோ இப்போதுதான் வாயை எடுத்ததுபோல ஒரு வெதுவெதுப்பும் இருந்தன.

புதியவன் ஒவ்வொருவனும் வழிகாட்ட ஒரு சீனியரைத் தேர்ந்துகொள்வது அங்கே வழக்கம்; முதலாண்டு மாணவன் இவோ டெல்மோவையே ஞானத்தகப்பனாகத் தேர்ந்தெடுத்திருந்தான். நவம்பரில் ஒரு மாலை, புதியவர்களுக்கான சோதனை என்று டெல்மோ அவனை இடுப்பளவு ஆற்றில் நிறுத்தி, தான் வரும்வரை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டு மதுக்கடைக்குப் போனான். மறந்துவிட்டான். இவோ ஏறவில்லை. ‘குடித்துவிட்டு அவனாகத்தான் இறங்கினான்’ என்று காவலர்களிடம் சொன்ன பொய்யை, இன்று அவனைப் பெற்றவளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

செங்குத்தான சந்தில் வகுப்புத் தோழன் கஸ்பார் சேர்ந்துகொண்டான்.

“யாருடா புதுசா கடிச்சது? காதலியா? அதுக்கு முதுகுப்பக்கம்ல கிழிக்கணும், மடையா!”

டெல்மோ சிரிக்கவில்லை. மழையில் நனைந்த கற்படிகளில் தங்கள் இருவரின் காலணிச் சத்தத்துக்குப் பின்னால், சற்றே பிந்தி, வெறுங்கால்கள் சளக் சளக்கென்று ஏறிவருவது அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்றான். அதுவும் நின்றது.

பழைய பேராலயத்தின் முன் மாணவர்கள் அங்கிகளைக் கழற்றி வரிசையாகத் தரையில் விரித்திருந்தார்கள்; மதிப்புக்குரியவர் அவற்றின்மேல்தான் நடக்க வேண்டும். கடைசியாக, வாசலருகே, டெல்மோவும் விரித்தான். இவோவின் அம்மா செலஸ்தா மெல்ல நடந்து வந்தாள். அவனுடைய அங்கியை மட்டும் மிதிக்காமல் நின்றாள்.

“நீதானேப்பா அவனைக் கடைசியா பாத்தது? குளிருதுன்னு ஏதாச்சும் சொன்னானா?”

“இல்லம்மா. குடிச்சிருந்தான். அவனாத்தான் இறங்குனான். நான் தடுத்தேன்.”

அவள் தலையசைத்தாள்.

“சரி. அசையாத. புள்ள வர்றான்.”

அவள் கடந்துவந்த அங்கிகளில் ஈரத் தடங்கள் பதிந்தன. ஒன்று. அடுத்தது. வெறும் பாதங்கள். கஸ்பார் சிலுவைக் குறி இட்டான்.

டெல்மோவின் அங்கி நடுவில் அமிழ்ந்தது. பிறகு எழுந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு.

‘மன்னிச்சிடு’ என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. தண்ணீர் வந்தது. பழுப்புத் தண்ணீர். மூச்சுக்கு இடமில்லை. முழங்கால் மடிந்தது. தண்ணீர் நிற்கவில்லை, படிகளில் இறங்கியது, மாணவர்கள் பதறித் தங்கள் அங்கிகளை வாரி எடுத்தார்கள்.

செலஸ்தா அவன் பக்கம் திரும்பவில்லை. எழுந்து நின்ற அங்கியின் ஆளற்ற கழுத்தில், குளிர் புகாதபடி, கொக்கியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.