மூன்று மணிக்குச் செத்த மீன்கள்

"மயில்வாகனம் தன் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்த ஓடையில கலந்துட்டாரு, மிஸ். மூணு நாளா மீன்குஞ்சு செத்து மிதக்குது." பேச்சியம்மா வாளியைச் சுமித்திராவின் மேசையடியில் வைத்தாள்.

துணுக்காயில் பதினெட்டு வருடங்களாக மீன்வளர்ப்பு உத்தியோகத்தராக இருக்கும் சுமித்திராவுக்கு வாளிக்குள் எட்டிப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. முறைப்பாட்டோடு வந்திருந்த கான்ஸ்டபிள் அப்புத்துரைதான் துடித்துக்கொண்டு நின்றார். "வயற்காரனை இப்பவே பிடிக்கட்டோ, மிஸ்?"

"பொறுங்கோ. எத்தினை மணிக்குச் சாகுது?"

"காலையில நல்லாத் துள்ளுது மிஸ். மூணு மணி வெயிலுலதான் எல்லாம் போவுது."

பேச்சியம்மாவின் சீமெந்துத் தொட்டிகளுக்கு, மயில்வாகனத்தின் வயலைத் தாண்டி வரும் ஓடையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வந்தது. அவர்கள் அங்கே போனபோது அவளுடைய கணவன் வீரபாகு குழாயருகே நின்றான்.

"மேல காட்டுப் பக்கம் ஏதும் மாறினதோ, அண்ணை?"

"ஒண்ணுமில்ல மிஸ். நேத்து மத்தியானங்கூட மருத மரத்து நெழல்லதான் சோறு தின்னேன்."

சுமித்திரா ஓடையோரமாக நடந்து, மயில்வாகனத்தின் வயலுக்கு மேற்புறம் போய்த் தண்ணீரில் வெப்பமானியை விட்டாள். வயலுக்குக் கீழே தொட்டுப் பார்த்தபோது நீர்ப்பூச்சிகள் அவள் விரலைச் சுற்றி ஓடியிருந்தன. பழைய குறிப்புப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டினாள். அதற்குமேல் நடக்க அவளுக்குத் தெம்பில்லை. வரம்பில் உட்கார்ந்து, வயலில் நின்ற மயில்வாகனத்தையும் மற்றவர்களையும் கூப்பிட்டாள்.

"மருந்தெண்டால் முதல்ல பூச்சிதான் சாகும்; வயலுக்குக் கீழ அது ஓடித் திரியுது. மருந்து வெயிலுக்குக் காத்திருக்காது. வயலுக்கு வர முந்தியே தண்ணி முப்பத்தாறு பாகை. போன ஆவணியில இதே இடத்தில இருபத்தொன்பது. சூட்டுத் தண்ணியில காத்துக் குறைவு, குஞ்சு மூச்சுமுட்டிச் செத்திருக்கு. இவ்வளவு சூடேற ஓடைக்கு மேல நிழல் இருந்திருக்கேலாது."

வீரபாகுவைப் பார்த்தாள். "நீங்கள் சோறு திண்ட நிழல் எங்கை, அண்ணை?"

வீரபாகு மேலே காட்டுப் பக்கம் கை காட்டினான். "ஒரு கரை முழுக்க வெட்டிட்டோம், மிஸ். நாலு வீடு நிலையும் கதவும் இல்லாமக் கெடக்கு, அதுக்குத்தான். மரத்துக்கும் மீனுக்கும் தொடுப்பிருக்குன்னு எனக்குத் தெரியாது."

"பொறவு ஏன் பொய் சொன்ன?" என்றாள் பேச்சியம்மா.

"மேல வந்து பாத்துக் கேசு போட்டுடுவாங்கன்னு பயம்."

"அந்த மனுசன மூணு நாளா ஏசினேனே. பாத்துட்டுத்தானே நின்ன?"

அப்புத்துரை உற்சாகமில்லாமல் குறிப்பேட்டை எடுத்தார். மயில்வாகனம் எவரையும் பார்க்காமல் தன் கிணற்றடிக்குப் போனார்.

"என்ரை கிணத்துத் தண்ணி குளிர். மோட்டரைப் போடுறன்."

"மெல்ல மெல்லமா விடுங்கோ, ஐயா. திடீரெண்டு குளிர்ந்தாலும் செத்துப்போகும்," என்றாள் சுமித்திரா. கிணறு ஒரு மாதம் தாங்கும். மருத மரங்கள் மறுபடி வளர இருபது வருடம். அதை அவள் சொல்லவில்லை.

பேச்சியம்மா தலைநிமிராமல் போய், அவர் நீட்டிய குழாயின் மறுமுனையைப் பிடித்தாள்.