கொக்கியில் மாட்டிய உடை

பழக்க தோஷம் யாரை விட்டது? அன்றைக்கும் நர்ஸ் இரண்டு கவச உடைகளைப் பிரித்துவிட்டாள். அதை மாட்டினால் யார் முகமும் தெரியாது. அதனால் ஒருத்தி முதுகில் மற்றவள் மார்க்கரால் பெயர் எழுதுவாள். ஒன்றில் 'பெரியக்கா' என்று எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, கூடவே வேலை பார்த்த நர்ஸ் பெரியக்கா இந்தத் தொற்றில் இறந்துபோய் ஒன்பது நாளாகிறது. அந்த உடையைக் கதவுக்கு வெளியே கொக்கியில் தொங்கவிட்டு, மற்றதைப் போட்டுக்கொண்டு தனியாகவே பச்சிளங்குழந்தை வார்டுக்குள் போனாள்.

கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா கேட்டாள். "தனியாத்தானே வந்தீங்க? முதுகுல 'சின்னவ'ன்னு யாரு எழுதினது?"

அவளைச் சின்னவள் என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒருத்திதான்.

ஜன்னலெல்லாம் அடைத்த மத்தியான வெக்கையில், கிருமிநாசினி நெடியும் பால் வாடையும் மூக்கை அடைக்க, ஆறு தொட்டில்களின் கருவிகளும் மாறி மாறிக் கீச்சிட, அவள் நடக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் சரசரத்தது. நின்றாள். பின்னால் சரசரப்பு இன்னும் இரண்டடி வைத்துவிட்டுத்தான் நின்றது.

நாலாம் தொட்டில் பையனை நினைத்துத்தான் அவளுக்குக் கவலை. குறைமாதப் பிள்ளை; திடீர் திடீரென்று மூச்சு விட மறந்துவிடுவான், உடனே கருவி அலறும். அழுகிறவரை நிம்மதி. பெரியக்காவுக்கோ பிள்ளை அழுதால் பொறுக்காது. "எங்கிட்டக் குடுடி சின்னவளே, ஒரே நிமிஷத்துல அடக்கிடறேன்" என்று கையை நீட்டிவிடுவாள்.

அவனைப் பெற்றவள் அதே தொற்றோடு மாடியில் கிடந்தாள். பிள்ளையை இன்னும் தொட்டதில்லை. தினமும் நாலு மணிக்குப் போனில் பார்ப்பதோடு சரி. நர்ஸ் பையனைக் கருவியின் ஒயரோடு ஒரு கையில் ஏந்தி, மறு கையில் போனைப் பிடித்தாள். வீல் வீலென்று அழுதான். அழட்டும்.

"ஐயோ, இப்படி அழுறானே சிஸ்டர். அந்த அக்காகிட்டக் குடுத்துப் பாருங்களேன்."

"எந்த அக்கா?"

"உங்க பின்னாடி கை நீட்டிட்டு நிக்கிறாங்களே."

திரும்ப முடியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கொக்கி தெரிந்தது. காலி.

சரசரப்பு. பிடரிக்குப் பக்கத்தில்.

பிள்ளையை மார்போடு இறுக்கினாள். அவள் கைகளுக்கு அடியில் இரண்டு வெள்ளைச் சட்டைக்கைகள் நுழைந்தன. உள்ளே கை இல்லை. பாரம் குறைந்தது. நாலாம் தொட்டிலின் கருவி விடாமல் அலறியது.

போனில் தாயின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர், அழுகையை நிறுத்திட்டான்."