பொறு என்று சொல்லும் சக்கரம்

மேசையில் சும்மா கிடந்த கைக்கருவியின் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அதில் எந்த வேலையும் ஓடவில்லை.

குளிர்பதனக் கிடங்கின் சரக்கு எடையைச் சரிபார்க்கும் அந்தக் கருவிகளுக்கு நிரல் எழுதியவளுக்கு அது உறுத்தியது. வேலை தொடங்கினால் சக்கரத்தைப் போடு, முடிந்தால் எடு. சுற்றும்வரை விரல் எத்தனை தட்டுத் தட்டினாலும் காதில் வாங்காதே. அவள் எழுதியது அவ்வளவுதான். உண்மையில் அந்தக் கருவிக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும், சக்கரமே தேவையில்லை. கேட்டவுடன் விலை சொல்கிறவன் கடையில் ஈதான் ஓட்டுவான் என்று நம்பும் முதலாளிதான், அதாவது அவளுடைய அக்கா புருஷன்தான், அடம்பிடித்தார்.

"சட்டுன்னு எடையைச் சொன்னா எவன் நம்புவான்? கொஞ்சம் சுத்த விடு கொழுந்தியா. யோசிச்சுச் சொல்ற மாதிரி இருக்கணும்."

"மெஷினுக்கும் நடிக்கக் கத்துக்கொடுக்கணுமா அத்தான்?"

"எனக்கு உங்கக்கா கத்துக்கொடுக்கலையா?"

இப்போது சக்கரத்தைப் போடச் சொல்லும் வரிகளை ஒன்றுவிடாமல் அழித்தாள். விரலைத் தடுக்கும் வரியை அழிக்க மறந்தாள். அழித்த பிறகும் அது சுற்றியது.

கடைசி அறைக்குள் போனால்தான் ரொம்பப் படுத்துகிறது என்று பெட்டி தூக்குகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, செல்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டு, கருவியோடு உள்ளே போனாள். கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்கும் குமிழ் உடைந்து நாளாகிறது. 'கருவியிலே தட்டினா திறக்குது, அதுக்கு வேற தண்டச் செலவா?' என்று அத்தான் மாற்றவே இல்லை.

மேலே காற்றாடிகள் அடித்தொண்டையில் உறுமின. ஈர அட்டையின் புளித்த வாடையோடு, நாக்கில் இரும்பைத் தடவியதுபோல ஒரு குளிர் உள்ளே இறங்கியது. ஒற்றை விளக்கு நடுங்க நடுங்க, பெட்டி அடுக்குகளின் நிழல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. அவள் விட்ட மூச்சு வெள்ளையாய் முகத்துக்கு முன்னால் மிதந்தது. சக்கரம் சுற்றியது.

கதவருகே திரும்பி வந்து 'திற' என்பதைத் தட்டினாள். தட்டியது பலிக்கவில்லை. கருவியை அணைக்கப் பார்த்தாள். அணையவில்லை. கதவை உள்ளங்கையால் அறைந்தாள். கனத்த கதவு சத்தத்தை விழுங்கிவிட்டது.

பயத்தில் ஒரு கணம் மூச்சு நின்றது. சக்கரமும் நின்றது.

விட்டாள். சுற்றியது. இழுத்தாள். சுற்றியது. அடக்கினாள். நின்றது.

அவளுடைய மூச்சை வைத்துத்தான் அது சுற்றுகிறது.

அடக்கிக்கொண்டே 'திற' தட்டினாள். பலித்தது! 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. அந்த நிம்மதியில் பெருமூச்சு விட்டுத் தொலைத்தாள். சக்கரம் வந்து கேள்வியை மூடியது.

"எல்லா வரியையும் திருப்பிப் போட்டுடறேன். உன் இஷ்டத்துக்குச் சுத்து. இந்த ஒரு தடவை விடு," என்று கருவியிடம் கெஞ்சினாள். விரல் நுனிகள் மரத்துவிட்டன. மறுபடி அடக்கினாள். நெஞ்சு வெடிக்கும்வரை அடக்கினாள்.

இம்முறை நிற்கவில்லை.

கருவியின் கண்ணாடியில் ஆவி படிந்தது. கட்டைவிரலால் துடைத்தாள். போகவில்லை. சட்டையில் தேய்த்தாள். போகவில்லை.

உட்பக்கம்.

ஆவி சுருங்கியது. மறுபடி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. நிதானமாக. தூங்குகிறவருடைய மூச்சுப்போல.

கதவின் அடியிடுக்கு வழியாக, வெளியே செருப்புச் சத்தம்.

"கொழுந்தியா! உள்ளேயா இருக்கே? சாப்பாடு ஆறுது, உங்கக்கா என்னைத் தின்னுடுவா!"

அத்தான். ஒரு கதவு தள்ளி.

வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். காற்றாடிகள் மட்டும் உறுமின.

"இங்கேயும் இல்லையா? எங்கே போய்த் தொலைஞ்சா?"

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

அவள் வாய் திறந்தே இருந்தது. அந்த உறைகுளிரில் அதிலிருந்து வெள்ளையாய் ஒரு இழைகூட வரவில்லை. கையில், கண்ணாடிக்கு உள்ளே, ஆவி விளிம்புவரை நிறைந்து படிந்தது. அதன் நடுவில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.