விமானத்தை நிறுத்தும் துணி

போன் அடித்தது.

கிணற்றுக்குள்ளிருந்து!

இன்ஸ்பெக்டர் தங்கச்செல்வி குனிந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீரைக் கண்டு பல வருஷமாகிவிட்ட வறட்டுக் கிணறு. அடியில் மில்லின் கழிவு நூல் மெத்தை மாதிரி குவிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு சின்ன வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது.

"யாரு போனு ஏட்டையா?"

ஏட்டு வீரபாண்டி தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்தார்.

"செத்த பய கோகுலோட போனுதான் மேடம். அவுக அம்மா காலையில இருந்து அடிச்சுக்கிட்டே இருக்காக. நம்ம இன்னும் தகவல் சொல்லல..."

போன் அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தது.

தங்கச்செல்விக்கு அந்தச் சத்தம் பழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி மாரீஸ்வரனின் நம்பருக்கு அவளும் இப்படித்தான் அடித்துக்கொண்டே இருந்தாள். திருச்சுழிக்குத் தெற்கே, வானத்தைப் பார்த்து மிளகாய் போடுகிற குடும்பம். அங்கிருந்து விமானப்படைக்குப் போன முதல் பையன் அவன். அவன் ஓட்டியது அவனைவிட வயது மூத்த விமானம். எரிந்து விழுந்தது. போன் மட்டும் அவன் அறையில் பத்திரமாக இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. பிணத்தைப் பார்த்தாலும் பிரியாணியைப் பார்த்தாலும் ஒரே முகம். ஸ்டேஷனில் அவளுக்கு 'ஐஸ் பெட்டி' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

"உள்ள போவோம்," என்றாள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது ராஜகுருவின் விசைத்தறி மில். வாசலில் ஆளுயர பேனர். அதில் ஒரு புதிய போர் விமானம், பக்கத்தில் கும்பிட்டபடி ராஜகுரு.

சேலை நெய்த தறிகளில் இப்போது பிரேக் பாராசூட் துணி ஓடியது. விமானம் தரையிறங்கி ஓடும்போது வாலிலிருந்து குடையாக விரிந்து, வேகத்தைப் பிடித்து இழுக்கிற துணி. பழைய விமானங்களைக் கழித்துவிட்டுப் புதியவை வாங்குகிறார்கள். துணியாவது நம் ஊரில் நெய்யட்டும் என்று கிடைத்த ஆர்டர்.

பேக்கிங் அறையில் தரையில் கிடந்தான் கோகுல். கழுத்தில் பச்சை நிறப் பாராசூட் துணி இறுகியிருந்தது. அதே துணியின் மிச்சம் மேலே உத்திரத்தில் தொங்கியது.

முதலாளி ராஜகுரு வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக முன்னால் வந்தார். கண்கள் சரியான அளவுக்குக் கலங்கியிருந்தன.

"துணியைச் சோதிச்சுப் பாக்குற பையன்மா. என்ன மனக்கஷ்டமோ... காலையில வந்து கதவைத் தொறந்தா தொங்குறான். நான்தான் கத்திரியை எடுத்து வெட்டி இறக்குனேன். மூச்சு இல்ல."

"நீங்களே வெட்டுனீங்களா அண்ணாச்சி?"

"இந்தக் கையாலதான்மா."

தங்கச்செல்வி அண்ணாந்து பார்த்தாள்.

கத்திரி பட்ட துணி நேராக இருக்கும். இது நேராக இல்லை. நுனி முழுக்கப் பிசிறு பிசிறாக நூல் தொங்கியது.

வெட்டிய துணி இல்லை. கிழிந்த துணி!

ஓடுகிற விமானத்தையே பிடித்து நிறுத்துகிற துணி, ஒல்லிப்பிச்சானாக இருந்த கோகுலைத் தாங்கவில்லை. உயிரோடு தொங்கியிருந்தால் கீழே விழுந்து பிழைத்திருப்பான். அப்படியென்றால் அவன் உயிரோடு அதில் தொங்கவே இல்லை. செத்த பிறகு யாரோ தொங்கவிட்டிருக்கிறார்கள். பாரம் தாங்காமல் கிழிந்து விழுந்திருக்கிறான்.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஐஸ் பெட்டி.

"இது ஆர்டர் துணியா அண்ணாச்சி?"

"சேச்சே... இது கழிவும்மா. ஆர்டர் சரக்கு இப்பத்தான் லாரியில கிளம்பிச்சு. சீல் வச்ச சரக்கு. மதுரைக்குப் போயி, அங்க இருந்து மேல போகுது."

"ஆளு செத்துக் கிடக்கையில லோடு அனுப்புனீங்களா?"

"நாட்டு வேலைம்மா. நிக்கக் கூடாதுல்ல?"

அவள் வெளியே வந்து மேலதிகாரிக்கு போன் போட்டாள்.

"சார், லாரியை நிப்பாட்டணும். துணியில கோளாறு."

"ஆதாரம் இருக்கா?"

"கிழிஞ்ச துண்டு ஒண்ணு இருக்கு சார்."

"கழிவுன்னு சொல்லிருவான். ராணுவ சரக்கும்மா... சீல் வச்சதை உடைச்சு, உள்ள நல்ல துணி இருந்தா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். போஸ்ட்மார்ட்டம் நாளைக்கு வந்துரும்ல? பொறு."

நாளைக்கு லாரி எந்த ஊரிலோ இருக்கும். அந்தத் துணி எந்த விமானத்தின் வாலிலோ ஏறும். எவனோ ஒரு பையன் இறங்குவான். எவளோ ஒரு அக்கா போன் அடித்துக்கொண்டே இருப்பாள்.

கிணற்றுக்குள் மறுபடி போன் அடித்தது.

பின்னாலேயே வந்த ராஜகுருவுக்கும் அது கேட்டது. முகத்தில் ஒரு நொடி ரத்தம் வற்றியது.

"தூக்குல தொங்குனவன் போனு எப்படி அண்ணாச்சி கிணத்துக்குள்ள போச்சு?"

"வெறுப்புல... மொதல்லயே எறிஞ்சிருப்பான்மா."

"இருக்கலாம். அந்தத் துணி நெசமாவே நல்ல துணிதானா?"

ராஜகுரு நெஞ்சில் கை வைத்தார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீக... நம்ம ஊரு வழக்கப்படி மொத பீஸுல மஞ்சத் தடவி, மாரியம்மனுக்கு மேல்கட்டியா நான்தான் கட்டுனேன். இன்னைக்கும் அம்மன் தலைக்கு மேல அந்தத் துணிதான் தொங்குது. போயிப் பாருங்க. சாமிக்கு முன்னால பொய் சொல்லுவேனா?"

தங்கச்செல்வி அவரையே பார்த்தாள். பேனரில் இருந்ததைவிட இப்போதுதான் உருக்கமாகக் கும்பிட்டார்.

"ஏட்டையா, ஜீப்பை எடுங்க. கோயிலுக்குப் போயிட்டு வந்துருவோம்."

"மேடம், இந்த நேரத்துலயா?"

"சாமி கும்பிட நேரம் பாக்கணுமா?"

ஜீப் திரும்பி வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. தறிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் கிணற்றடியில் கூடியிருந்தார்கள். காவலுக்கு விட்டுப்போன இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், மோர் குடித்துக்கொண்டிருந்தார் ராஜகுரு.

தங்கச்செல்வியின் கையில் கயிறாக முறுக்கிய இரண்டு துணிகள். ஒன்று வெறும் பச்சை. இன்னொன்றின் நுனியில் பளிச்சென்று மஞ்சள்.

"இது உங்க குடோன்ல இருந்து ஏட்டையா எடுத்தது. லாரியில ஏத்துன சுருளோட மிச்சம்." பச்சையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு மஞ்சள் துணியை. "இது அம்மன் மேல்கட்டி. பூசாரிகிட்டச் சொல்லி ஒரு ஓரமா வெட்டிட்டு வந்துட்டேன்."

"அம்மன் துணியையா?" கூட்டத்தில் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோகுல் போனை எடுக்கணும் அண்ணாச்சி. ஏட்டையாவுக்குத் தொப்பை. நீங்கதான் ஒல்லி. இறங்குங்க."

"நானா... ஏணி இருக்கும்மா, ஆளை விட்டு..."

"ஏணி எதுக்கு? விமானத்தையே நிறுத்துற துணி உங்களை நிறுத்தாதா?"

தறிக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். வீரபாண்டி பச்சைத் துணியை ராஜகுருவின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். மறு நுனி கிணற்று மேட்டில் இருந்த கல்தூணுக்குப் போனது.

ராஜகுரு கிணற்றை எட்டிப் பார்த்தார். மோர் குடித்த உதடு வறண்டுவிட்டது.

"அம்மா... அந்த மஞ்சத் துணியில கட்டச் சொல்லுங்க."

"ஏன்?"

"சாமி துணி... ஒரு நம்பிக்கைதான்."

"ரெண்டும் ஒரே மில்லு. ஒரே தறி. ஒரே நூலு. பெறகு என்ன வித்தியாசம்?" அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஏட்டையா, அண்ணாச்சியைப் பிடிச்சு மெல்ல விடுங்க."

வீரபாண்டி தோளில் கை வைத்ததுதான் தாமதம். ராஜகுரு கல்தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்! அது தாங்காது... அது அவனையே தாங்கல!"

கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது.

"எவனை அண்ணாச்சி?"

ராஜகுரு தூணை இன்னும் இறுக்கினார்.

"கத்திரியில வெட்டி இறக்குனதாச் சொன்னீக. கழிவுத் துணின்னு சொன்னீக. இது லாரி சரக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு இப்ப நீங்களே சொல்லிட்டீக. இத்தனை பேரு கேட்டாச்சு."

ராஜகுரு தூணிலிருந்து வழுக்கி உட்கார்ந்தார். விபூதி வியர்வையில் கரைந்து ஒழுகியது.

"மொத லோடு நல்ல நூலுதாம்மா... பெறகு மட்ட நூலைக் கலந்தேன். கோகுலு கண்டுபிடிச்சுட்டான். கையெழுத்துப் போட மாட்டேன், பட்டாளத்துக்காரங்ககிட்டச் சொல்லுவேன்னு போனை எடுத்தான். பிடுங்கி இங்க எறிஞ்சேன். தண்ணி இல்லேங்கிறது அந்நேரம் புத்தியில ஏறல. அவன் விடல. கழுத்தைப் பிடிச்சுட்டேன்..."

"அம்மனுக்கு மட்டும் ஏன் நல்ல துணி?"

"சாமி காரியம்மா. அதுல கை வைக்கப் பயமா இருக்காதா?"

ஆகாயத்தில் போகிறவனைக் கொல்லப் பயமில்லை. தங்கச்செல்வி அதைச் சொல்லவில்லை. போனை எடுத்தாள்.

"சார், லாரி சரக்கும் மட்டம்தான். மொதலாளியே சொல்லிட்டாரு. இங்க அம்பது பேரு சாட்சி."

இந்தத் தடவை மேலதிகாரி பொறு என்று சொல்லவில்லை. காரியாபட்டியில் டீ குடிக்க நின்றிருந்த லாரியை, டிரைவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் போலீஸ் வளைத்துவிட்டது.

ஏணி போட்டு ஒரு தறிக்காரர் கிணற்றில் இறங்கினார். அவர் கையில் போனோடு மேலே வந்தபோது அது மறுபடி அடித்தது. திரையில் 'அம்மா'.

தங்கச்செல்வி வாங்கினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சில் எங்கோ வலித்தது. அவள் பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

"கோகுலு... ஏலே, ஏன்லே போனை எடுக்கல? சாப்டியாலே?"

"அம்மா, நான் போலீஸ்காரி பேசுறேன். நீங்க எங்கயும் கிளம்ப வேணாம். நானே வீட்டுக்கு வாரேன்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. துடைக்கவில்லை.

ராஜகுரு தலையைத் தூக்கினார். "அம்மன் துணியை வெட்டுனது பாவம்மா. உங்களைச் சும்மா விடாது."

"அதை யாரு வெட்டுனா? வெட்டுனா ஊரு என்னை விடுமா?" மஞ்சள் துணியை அவர் மடியில் போட்டாள். "ரெண்டுமே உங்க குடோன் துணிதான் அண்ணாச்சி. மஞ்சத்தூள் மட்டும் கோயில் வாசல் கடையில வாங்குனேன்."

ராஜகுரு மஞ்சள் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது சர்ரென்று கிழிந்தது.

வீரபாண்டி பாக்கெட்டுகளைத் தடவினார். "மேடம், அவசரத்துல விலங்கு எடுத்துட்டு வரல. இந்தத் துணியாலயே அண்ணாச்சி கையைக் கட்டிரவா?"

"வேணாம் ஏட்டையா. அவரு ஒரு தும்மல் போட்டா அத்துக்கிட்டுப் போயிரும்!"