எண்பத்தேழாவது அட்டை

1981, புதன்கிழமை, பிற்பகல் 3.10. பழவேற்காட்டில் தன் அறைக்குள் உட்கார்ந்து லத்தீபா ஆறாவது முறையாக அந்த அச்சுத்தாளைப் படித்தாள். ஒரு நிரலில் மாறிகளின் பெயர்களை அறிவிக்கும் வரி சரியா, தப்பா என்று சோதிப்பதுதான் அவள் எழுதிய புரோகிராமின் வேலை. ஒரு பெயரை மட்டும் அறிவித்தால் ஏற்றது. காற்புள்ளி போட்டு இரண்டு பெயர்களை அறிவித்தால் பிழை என்றது. சென்னைக் கல்லூரிக் கணினி நேற்று கொடுத்த தீர்ப்பு இது. தேர்வில் மறுவாய்ப்பு நாளை காலை பத்து மணிக்கு.

"நாளைக்கும் தோத்தா படிப்பு போதும்," என்று வாப்பா கௌஸ் மைதீன் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

லத்தீபாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நோட்டில் எழுதியது சரி. அப்படியானால் அட்டைகள்? வரிக்கு ஒரு துளை அட்டை, மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. வரிசை கலைந்தால் தெரிவதற்காக, அடுக்கின் மேல்விளிம்பில் சாய்வாகப் பென்சில் கோடு இழுத்திருந்தாள். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரிடத்தில் கோடு விட்டுப் போயிருந்தது. எண்ணிப் பார்த்தாள். எண்பத்தேழாவது அட்டை இல்லை. பெயருக்குப் பின் காற்புள்ளி வந்தால் அடுத்த பெயரைப் படிக்கச் சொல்லும் அட்டை அது.

3.40. கூடத்தில் வாப்பாவும் அண்ணன் அப்துல் ஹையும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் அட்டைக்கட்டுல யாரோ கை வெச்சிருக்காங்க."

"ஒரு அட்டை கொறஞ்சா மெஷினு செத்துடுமா இன்னா?" என்றான் ஹை.

லத்தீபா கொல்லைக்குப் போனாள். லைட்ஹவுஸ் குப்பத்து ஜெயம்மா அங்கே வாப்பாவின் படகுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் வலைக்கண்ணு மூணு விரல், அந்தப் பக்கம் ரெண்டு விரல். ஏன்க்கா?"

"அளவுக்கு வெக்கிற மூங்கி பட்டை திங்கக்கெழம ஒடஞ்சிச்சிம்மா. இப்ப வேற."

3.55. லத்தீபா வாப்பாவையும் அண்ணனையும் கொல்லைக்கு அழைத்தாள். வாப்பா வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இன்னா ஜெயம்மா, கண்ணு சிறுத்துப் பூட்சி?"

"அவங்க மேல தப்பில்ல வாப்பா. என் அட்டைய எடுத்தது அண்ணன்," என்றாள் லத்தீபா. "எத்தினி அட்டை போச்சுன்னு நான் சொல்லவேயில்ல. அவரு ஒண்ணுன்னு சொன்னாரு. அடுப்புல போட்டிருந்தா தடயமே இருக்காது. ஆனா வலைக்கார வூட்டுப் புள்ள. வெறப்பா, ஓரம் நேரா இருக்கற அட்டைய வீணாக்க மனசு வரல."

ஜெயம்மாவின் கையிலிருந்த பட்டையை வாங்கி மடிப்பைப் பிரித்தாள். உள்ளே வரிசையாகத் துளைகள். விளிம்பில் பென்சில் புள்ளி.

"ஹை தம்பிதாம்மா மடிச்சிக் குடுத்து இதுல பின்னுன்னாரு," என்றாள் ஜெயம்மா பதறிப்போய்.

ஹை தலையைக் குனிந்துகொண்டான். "பாஸ் பண்ணா நீ மெட்ராஸுலயே தங்கிடுவ. அப்பால இந்த வூடு வெறிச்சோடிப் பூடும்."

லத்தீபாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை.

வாப்பா மகனைப் பார்த்தார். "நாளைக்கி இவ அட்டைக்கட்ட நீதான் சொமக்கற. வந்து வலைய அவுத்து, நீயே பின்னற."

வியாழன், 10.40. புதிதாகத் துளையிட்ட எண்பத்தேழாவது அட்டையோடு கட்டு கணினிக்குள் போனது. லத்தீபா தாளோடு வெளியே வந்தபோது, ஹை அட்டைகள் இருந்த காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

"ஏத்துக்கிச்சா?"

"கமா போட்டு மூணு பேரு வரிசையா குடுத்தேன். மூணையும் ஏத்துக்கிச்சு."

"அப்ப இங்கயே தங்கிடுவியா?"

"தங்குவேண்ணே. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வூட்டுக்கு வந்துடுவேன்."