ஆவுடையின் மூக்கு

செவ்வாய்க் கோளின் கந்தகப்பேட்டையில் காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, எல்லோரும் மூக்கைச் சோதித்துக்கொள்வார்கள். அடுப்படிச் சுவரில் ஒரு சின்னக் குப்பி தொங்கும். மூடியைத் திறந்து முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் நல்லது, காப்பி குடிக்கலாம். ஒரு நாற்றமும் தெரியவில்லை என்றால் கட்டிய துணியோடு வீட்டை விட்டு ஓட வேண்டும். இந்த விதியை வீட்டுக்கு வீடு பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. நம் உடம்பே அந்த வாயுவைத் துளித்துளியாகத் தயாரித்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்களைத் தளர்த்தவும் இன்னும் சில சில்லறை வேலைகளுக்கும் அது தேவைப்படுகிறது. பதமாக அளந்து கொடுத்தால் உடம்பு வேகத்தைக் குறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும்படி செய்துவிடலாம் என்று பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். சனிக் கோளுக்குப் போகும் கப்பல்களில் பயணிகள் அப்படித்தான் தூங்கினார்கள். அதனால் அங்கே அதற்குத் துயில்வாயு என்று பெயர். அதைத் தயாரிப்பதுதான் கந்தகப்பேட்டையின் பிழைப்பு. அளவு கூடினால் அது முதலில் கொல்வது மூக்கை. நாற்றம் நின்றதே என்று சந்தோஷப்படுகிறவர் அதற்கப்புறம் அதிக நேரம் சந்தோஷப்பட முடியாது.

குழாய்ப் பிரிவு மேஸ்திரி சங்கரலிங்கத்துக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவர் மகள் ஆவுடைக்கு இன்னும் நன்றாகவே தெரியும். கசிவு பார்க்கும் வேலை அவளுக்கு. அதற்காக அவள் மூக்குக்குள் மூக்குச்சில்லு பொருத்தியிருந்தார்கள். காற்றில் துயில்வாயு எவ்வளவு என்று அது ஓர் எண்ணாக அவள் மனசுக்குள் சொல்லிவிடும். நூறைத் தாண்டினால் சாதாரண மூக்கு மரத்துப்போகும். ஐந்நூறைத் தாண்டினால் ஆள் சாய்ந்துவிடுவார். சில்லு மட்டும் மரத்துப்போகாது.

அன்றைக்கு ஆவுடையைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை நெல்லையப்பன் அல்லிநகர்க்காரன். அல்லிநகர் சுத்தமான காற்றுள்ள ஊர். கந்தகப்பேட்டைப் பெண்கள் நாறுவார்கள் என்று அங்கே ஒரு பேச்சு. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் அந்தப் பேச்சால்தான் தட்டிப்போயின. இதுவாவது அமைய வேண்டுமே என்று ஆவுடைக்கும் ஆசை. படத்தில் பார்த்த முகம் பிடித்துப்போயிருந்தது.

"இந்தத் தடவ வீட்ல பொட்டு நாத்தம் இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள் அம்மா கோமதி.

பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். குப்பியை ஒளித்து வைத்தாள். மல்லிகை வாசனையை மூலைமூலைக்குத் தெளித்தாள். சுவரிலிருந்த அபாயமணியின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னாள்.

"வந்தவுக முன்னால அது கத்திச்சுன்னா நான் செத்தே போயிருவேன்."

சங்கரலிங்கம் பிடுங்கினார். அடுத்தது தரை. துயில்வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கீழே ஓடும் குழாய்களிலிருந்து எப்போதும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதை உறிஞ்சி வெளியே தள்ளக் கூடத்தின் தரையில் இரண்டு சல்லடைகள் உண்டு. நாற்றமே அந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது என்பது கோமதியின் கட்சி. இரண்டையும் மூடிப் பெரிய ஜமுக்காளத்தை விரித்துவிட்டாள்.

"அத மூடலாமா?" என்று இழுத்தார் சங்கரலிங்கம்.

"ஒரு மணி நேரந்தான? உங்களுக்கு மக முக்கியமா, ஓட்ட முக்கியமா?"

முப்பது வருஷ அனுபவம் பெண் பார்க்கிற அன்றைக்கு எதற்கு உதவும்? அவர் சட்டை மாற்றப் போய்விட்டார்.

நெல்லையப்பன் அப்பா அம்மாவோடு வந்தான். மூவரையும் ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார்கள். உள்ளே நுழையும்போது அவன் அம்மா காந்திமதியின் மூக்கு லேசாகச் சுருங்கியதைக் கோமதி கவனித்துவிட்டாள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. கால்மணி நேரத்தில் காந்திமதியின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஊர்ல என்னவெல்லாமோ சொன்னாங்க. இங்க ஒரு நாத்தமும் இல்லையே."

சங்கரலிங்கமும் மூச்சை இழுத்துப் பார்த்தார். சுத்தமாக ஒன்றும் தெரியவில்லை. மனுஷனுக்கு அப்படியொரு நிம்மதி.

ஆவுடை காப்பித் தட்டோடு வந்து குனிந்தாள். மனசுக்குள் எண் வந்தது: நூற்றைம்பது. அம்மாவின் காதோரம் போனாள்.

"அம்மா, நூத்தம்பது."

"எதுன்னாலும் அப்புறம் சொல்லு."

"பொண்ணு என்ன சொல்லுதா?" என்றாள் காந்திமதி.

"ஒண்ணுமில்ல, வெக்கம்."

ஆவுடை தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். இருநூற்றுப் பத்து. காந்திமதிக்குக் கண் எரிந்து நீர் வடிந்தது. பஜ்ஜியில் காரம் கூடுதல் என்றாள். முந்நூறு. ஆவுடை அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். வாயைத் திறந்தால் இந்த இடமும் போய்விடும். நெல்லையப்பன் அவளைப் பார்த்துச் சிரித்தான். நேரில் இன்னும் நன்றாக இருந்தான், பாவி. அவளுக்கு அழுகை வந்தது. நானூற்று எண்பது.

எழுந்துவிட்டாள்.

"எல்லாரும் எந்திரிங்க. ஐந்நூறு ஆகப்போவுது. நாத்தம் போகல, உங்க மூக்குதான் செத்துப்போச்சு."

"ஏட்டி, வந்தவுக முன்னால என்ன பேச்சு இது?" என்றாள் கோமதி.

"சும்மா இரும்மா," என்று மகளை அதட்ட எழுந்த சங்கரலிங்கத்துக்குக் கால் நிற்கவில்லை. நெல்லையப்பன் எழப்பார்த்துக் கேசரித் தட்டின் மேலேயே சரிந்தான். ஆவுடை மூச்சை அடக்கிக்கொண்டு அவனைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வாசலுக்கு வெளியே காற்றோட்டப் பாதையில் போட்டாள். திரும்பி வந்து காந்திமதியை இழுத்தாள், பிறகு நெல்லையப்பனின் அப்பாவை. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். மருத்துவமனையில் இரண்டு நாள் பிராணவாயு கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் காந்திமதி திரையில் வந்தாள்.

"உசுரக் காப்பாத்துச்சு, நான் இல்லங்கல. என்னைக்கும் மறக்க மாட்டோம். ஆனா பெரியவங்க பேசிட்டிருக்கையில குறுக்க எந்திரிச்சு நிக்குது. வந்தவுகள வச்சிக்கிட்டே வீட்டுக் குறையச் சொல்லுது. நாளைக்கு எங்க வீட்லயும் வந்து இப்படி ஒண்ணொண்ணாக் கண்டுபிடிச்சுச் சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

கோமதிக்குக் கோபம் வரவில்லை. காந்திமதி சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. சங்கரலிங்கமும் ஆமாம் என்று தலையாட்டினார். மறுவாரம் இருவரும் மகளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"பொண்ணு பாக்க வாராங்களா?" என்றார் மருத்துவர், கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

"புதன்கிழம," என்றாள் கோமதி.

"சில்ல எடுக்க அரைமணி நேரம் போதும். இந்த மாசத்துல கசிவு பாக்குற பிள்ளைகள்ல இது ஏழாவது. கல்யாணம் முடிஞ்சதும் திருப்பி வச்சுக்கலாம்லான்னு எல்லாரும் கேப்பாங்க. ஒருத்தியும் வந்ததில்ல."

ஆவுடை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோமதி அவள் கையை அழுத்தினாள்.